மலையடியில் ஒரு புள்ளி

வீட்டில் வைத்த பெயர் அவனுக்கு ஒன்று இருந்தது. அது பள்ளிச் சான்றிதழோடு நின்றுபோனது. தெருவில் எல்லாரும் அவனை 'நுணுக்கம்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு சுவரொட்டி அச்சடிக்கக் கொடுத்தால், அதில் ஓரமாக நிற்கும் ஆளின் சட்டைப் பொத்தானில் நூல் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? நூல் தெரியவில்லை என்றால் அன்றைக்கு அந்தச் சுவரொட்டி அவன் அச்சுக்கடையை விட்டுப் போகாது. "ஐயா, இது பேருந்து நிறுத்தத்துல ஒட்டறதுங்க, ஓடற வண்டியிலேருந்து பார்க்கறதுங்க" என்று வாடிக்கையாளர் கெஞ்சினாலும் போகாது.

வாயால் சொன்னால் படம் வரைந்து தரும் ஏஐ வந்தபோது, அந்தத் தெருவிலேயே முதலில் அதைக் கடைக்குள் கொண்டுவந்தவன் அவன்தான். திரையின் ஓரத்தில் 'தரம்' என்று ஒரு கட்டம். அதற்குள் மூன்று தேர்வுகள்: குறைவு, நடுத்தரம், உயர்வு. இரண்டு வருஷத்தில் 'உயர்வு' தவிர வேறு எதையும் அவன் விரல் தொட்டதில்லை.

"குறைவுன்னு எழுதியே வெச்சிருக்காங்க. அதைத் தேடிப் போய் அமுக்கறவனும் இருப்பானா?" என்று மனைவியிடம் கேட்பான்.

"உயர்வுல ஒரு படம் வர ஒரு நிமிஷம் ஆகுது. குறைவுல நாலே விநாடி. அந்த ஒரு நிமிஷமும் வந்தவங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறது நான்தானே?" என்பாள் முன்மேசையைக் கவனித்துக்கொள்ளும் அவள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளிடம் இதற்கு மேல் என்ன பேசுவது? அவளும் விட்டுவிட்டாள்.

இந்த நுணுக்கத்துக்கு ஓர் அக்கா. மூன்று வயது மூத்தவள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் சின்ன வகுப்பு ஆசிரியை. வாய் கொஞ்சம் நீளம். கோலைத் தட்டிக்கொண்டு தனியாகப் பேருந்து ஏறி இறங்குகிறவளுக்கு வாயும் நீளமாக இல்லாவிட்டால் உலகம் வழிவிடாது என்பது அவள் கட்சி.

ஒரு திங்கட்கிழமை மதியம், பள்ளிக்கூடத்து வண்டியில் ஒரு கனமான பெட்டியோடு கடை வாசலில் வந்து இறங்கினாள்.

"மை மாத்தியிருக்கே போல. வாசனை வேற மாதிரி இருக்கு," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். தோள்பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "டேய், இது பொங்கற தாள். இதுல கறுப்பு மையால அச்சடிச்சு இந்தப் பெட்டிக்குள்ள விட்டா, சூட்டுல கறுப்பு இருக்கற இடம் மட்டும் மேலே எழும்பி நிக்கும். விரலால தொட்டுப் படம் பார்க்கலாம்."

"இப்படி ஒண்ணு இருக்கா?"

"ஒரு வாரத்துக்குத்தான் இருக்கு. ஓர் அறக்கட்டளை சோதிச்சுப் பார்க்கக் குடுத்திருக்கு. வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் முன்னாடி பிள்ளைங்க படம் பார்க்கணும். புரிஞ்சுதுன்னா பெட்டி எங்களுக்கு. புரியலேன்னா இன்னொரு பள்ளிக்கூடம் கேட்டுக்கிட்டு நிக்குது, அங்க போயிடும். கேட்டு வாங்கினது நான். மானத்தை வாங்கிடாதே. பத்துத் தாள்தான் இருக்கு."

"என்ன படம் வேணும்? பூனை, நாய்..."

"பூனைக்கு எதுக்குடா படம்? பள்ளிக்கூடத்துலயே நாலு பூனை இருக்கு, மடியில வந்து உட்காருது. தொட முடியாதது வேணும்." அக்கா ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "பறக்கற பறவை. தீ. மின்னல். மலை."

இந்த நான்கையும் நுணுக்கம் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பான்! நாற்பத்தாறு வயது அக்காவுக்கு இவை நான்கும் யாரோ சொல்லிக் கேட்ட செய்தி மட்டும்தான் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கூடவே ஒரு பழைய முள்ளும் குத்தியது. ஏழு வயதில் அவன் ஒரு படம் வரைந்தான்: அப்பா, அம்மா, அக்கா, தான். அப்பா அதைத் தூக்கிப் பிடித்து ஆகா ஓகோ என்றார். பத்து வயது அக்கா பக்கத்தில் வந்து, "நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள். அவன் அவள் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தான். அவள் கொஞ்ச நேரம் தடவினாள். "வெறும் காகிதம்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் எந்தப் படத்தைப் பற்றியும் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குடும்பமாகப் புகைப்படம் எடுத்தால் வந்து நிற்பாள், சிரிப்பாள், போய்விடுவாள்.

அக்காவுக்கு இந்தத் தடவை ஒரு இம்மி குறையக் கூடாது என்று முடிவு கட்டினான். அவனைப் பொறுத்தவரை அதற்கு ஒரே வழிதான்: உயர்வு.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பறவையின் ஒவ்வொரு இறகிலும் நார் தெரிந்தது. தீக்குள் தீ, அதற்குள் இன்னொரு தீ. மின்னலைச் சுற்றி மடிப்பு மடிப்பாக மேகம். மலை முழுக்க மரங்கள். எண்ண உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். முன்மேசையிலிருந்து எழுந்து வந்த மனைவி, "யப்பா!" என்றாள். அவள் லேசில் அப்படிச் சொல்கிறவள் இல்லை. நான்கையும் கறுப்பு வெள்ளையாக்கி, நான்கு தாளில் அச்சடித்துப் பெட்டிக்குள் விட்டான். தாள்கள் சூடாக, மெல்லப் பொங்கி வெளியே வந்தன.

அக்கா முதல் தாளில் விரல்களை ஓடவிட்டாள். நெற்றி சுருங்கியது. இரண்டாவது தாள். மூன்றாவது. நான்காவது.

"எல்லாம் ஒண்ணுதானேடா?"

"ஒண்ணா? அது பறவை. இது தீ!"

"எனக்கு நாலும் உப்புக்காகிதம். தச்சுப் பட்டறைக்குக் குடு, பலகை தேய்ப்பாங்க."

"நல்லாத் தொட்டுப் பாரு அக்கா. இறகுல ஒவ்வொரு நாரும் எப்படி வந்திருக்கு தெரியுமா?"

"நீ தொட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேனே."

"கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தியா?"

இல்லை. இருபது வருஷ அனுபவம், தெருவே மெச்சும் கண், எல்லாம் இருந்து என்ன? தொட்டுப் பார்ப்பதற்காகச் செய்த ஒரு பொருளை, சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, சபாஷ் சொல்லிக் கொடுத்திருக்கிறான் அந்தப் புத்திசாலி. கண்ணை மூடிக்கொண்டு தாளில் விரலை வைத்தான். சொரசொரப்பு. விரலை நகர்த்தினான், அங்கேயும் அதே சொரசொரப்பு. அலகு எங்கே? வால் எங்கே? தன் கடைக்குள்ளேயே வழி தெரியாமல் நிற்பது போல் இருந்தது. கண்ணைத் திறந்தான், பறவை ஜம்மென்று பறந்துகொண்டிருந்தது. மூடினான், போய்விட்டது.

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு," என்று முன்மேசையிலிருந்து குரல் வந்தது.

யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போலத் திரையை ஒருக்களித்துத் திருப்பிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக 'குறைவு' என்பதை அமுக்கினான்.

நாலு விநாடி. வளைந்த இரண்டு தடித்த கோடுகள் இறக்கை, நடுவில் ஓர் உடம்பு, ஒரு அலகு, ஒரு வால். அவ்வளவுதான். அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஒன்றாம் வகுப்பில் அவன் வரைந்த காக்காய் இதைவிடத் தேவலை. எதற்கும் அடித்துப் பார்ப்போம் என்று அடித்து, சூடு காட்டி, அக்காவின் முன்னால் வைத்தான்.

அக்காவின் விரல் அலகில் பட்டது. "மூக்கு," என்றாள். கீழே இறங்கியது. "வயிறு. இது வால்." பிறகு இரண்டு கைகளும் இரண்டு பக்கமாகப் பிரிந்து, இறக்கைகளின் கோட்டைப் பிடித்துக்கொண்டு போயின. போய்க்கொண்டே இருந்தன.

"றெக்கையா இது?"

"றெக்கைதான்."

"இவ்வளவு தூரமா போகும்?" அவள் குரல் மாறியிருந்தது. "கோழியைத் தூக்கி வெச்சிருக்கேன்டா. றெக்கை உடம்போட ஒட்டிக்கிட்டு, என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். பறக்கும்போது உடம்பைவிட றெக்கைதான் பெருசா?"

கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள். பசை டப்பா ஒன்று கைபட்டு உருண்டது. யாரும் அதை எடுக்கப் போகவில்லை.

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் மேலே, அக்கா."

உயர்த்தினாள். தாள்கட்டுகளுக்கும் மைக் குப்பிகளுக்கும் நடுவில், விரித்த கைகளோடு அவள் அப்படியே நின்றாள். முன்மேசையில் ஒருவர் ரசீது கேட்டுக்கொண்டிருந்தார். அவன் மனைவிக்கு அது காதில் விழவில்லை. பறவையை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான் இத்தனை வருஷமும். ஒரு தடவைகூட அதற்காகக் கையை விரித்ததில்லை.

அடுத்து தீ. அதுவும் குறைவில்தான். கீழே அகலமாகத் தொடங்கி, மேலே மூன்று நாக்குகளாக எழும்பும் ஒரே கோடு. அக்கா தீநாக்கின் நுனியில் விரலை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள், சுட்டுவிட்டது போல.

"கூரா இருக்கு!"

"ஆமா. மேல போகப் போகக் கூராயிடும்."

"முப்பது வருஷமா அடுப்பு பத்தவைக்கறேன். சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வருதா, தீ உருண்டையா இருக்கும்னே நெனச்சுக்கிட்டிருந்தேன்." தனக்குள் சிரித்துக்கொண்டாள். "இவ்வளவு அழகா வெச்சிருக்கே தன்னை இந்தத் தீ!"

அக்கா வீட்டுக்குப் போனதும் நுணுக்கம் புது மதத்துக்கு மாறியவன் மாதிரி ஆகிவிட்டான். மதம் மாறியவர்களிடம் உள்ள வேகம் பிறவியிலேயே அதில் இருப்பவர்களிடம் இருக்காது. மறுநாள் அவளுக்காகக் காத்திருக்காமல், ஒருவரையும் கேட்காமல், மின்னலையும் மலையையும் குறைவிலேயே தட்டி, இரண்டு தாளில் அடித்து, சூடு காட்டித் தயாராக வைத்துவிட்டான்.

சாயங்காலம் வந்த அக்கா மின்னலைத் தொட்டாள். "குடைக்கம்பி. வளைஞ்சு போச்சு." மலையைத் தொட்டாள். "முக்கோணம். எங்க கணக்கு வகுப்புல மரத்துலயே செஞ்சு வெச்சிருக்கோம், இதைவிட நல்லதா."

அவன் முகம் விழுந்துவிட்டது. பத்துத் தாளில் எட்டு போயாயிற்று. மிச்சம் இரண்டு.

"ஏங்க," என்றாள் மனைவி. "நேத்து மத்தியானம் வரைக்கும் உயர்வுதான் தெய்வம். இன்னிக்குக் குறைவு. நடுவுல ஒண்ணு சும்மா உட்கார்ந்திருக்கே, அது என்ன பாவம் பண்ணிச்சு?"

அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அக்காவின் எதிரில் உட்கார்ந்தான். வாடிக்கையாளரிடம்கூட அவன் கேட்டறியாத கேள்வியைக் கேட்டான்.

"அக்கா, மலையைப் பத்தி நீ என்ன தெரிஞ்சுக்கணும்?"

அவள் கோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். இப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை போல.

"பெருசு, பெருசுன்னு எல்லாரும் சொல்றாங்க. எவ்வளவு பெருசு? எதை வெச்சு நான் அளக்கறது? எங்க பள்ளிக்கூட வாசல்ல ஒரு மரம் இருக்கு. கட்டிப் பிடிச்சா என் ரெண்டு கையும் அந்தப் பக்கம் சந்திக்காது. அங்க படிக்கற காலத்துல அதுல ஏறி விழுந்திருக்கேன். மரம்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். அதை வெச்சு அளந்து காட்டு."

உயர்வில் ஆயிரக்கணக்கில் மரங்கள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து உப்புக்காகிதம் ஆயின. குறைவில் ஒரு மரம்கூட இல்லை. எல்லாவற்றையும் துடைத்துப் போட்டிருந்தது. அந்தக் குறுகிய 'தரம்' கட்டத்துக்குள் மூன்று சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்கள், இது நல்லது அது மட்டம் என்று எங்கும் எழுதவில்லை. அதை அவனாகத்தான் படித்துக்கொண்டிருந்தான்.

முதலில் மின்னல், நடுத்தரத்தில். ஒரு தடித்த கோடு கீழே இறங்க இறங்கக் கிளை விட்டது. ஒன்பதாவது தாள். அக்கா மேலிருந்து கீழே பின்தொடர்ந்தாள். ஒவ்வொரு கிளையிலும் போய்த் திரும்பி வந்தாள். "வேர் மாதிரி இருக்கேடா. வானத்துல வேரா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மலைக்கு, அதே நடுத்தரத்தில், இரண்டு நாள் ஆனது. திரையில் எத்தனை படம் வேண்டுமானாலும் பார்க்கலாம், தாள் ஒன்றுதான். ஒரு படம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, விரல் எங்கே தொடங்கும், எங்கே தடுக்கும் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தான். ஒன்றில் மரங்கள் மலையோடு ஒட்டிக்கொண்டன. ஒன்றில் மரம் மலை உயரத்துக்கு நின்றது. பன்னிரண்டாவதில் வந்தது: தாளின் அடியிலிருந்து உச்சிவரை ஏறும் ஒரு கோடு, சரிவில் இரண்டே இரண்டு மடிப்பு, அடிவாரத்தில், சுற்றிலும் வெற்றிடம் விட்டு, தனியாக ஒரு மரம். நெல்மணி அளவு.

அச்சடித்தான். ஆனால் பெட்டியைப் பள்ளிக்கூடத்தார் வியாழக்கிழமையே திரும்ப எடுத்துப் போய்விட்டார்கள். கடைசித் தாளைச் சூடு காட்டாமல், மடங்காமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, வெள்ளிக்கிழமை காலை குழந்தையைத் தூக்கிப் போவது போல் அவனே எடுத்துப் போனான்.

வகுப்பறையில் பதினான்கு பிள்ளைகள். ஓரத்தில் தலைமையாசிரியர். கெட்டவர் இல்லை; நெற்றியில் எப்போதும் பத்துக் கவலை வைத்திருப்பவர். மேசையில் கிடந்த படங்களைப் புரட்டியவர், உயர்வில் அடித்த பழைய மலையைக் கையில் எடுத்து, "இது படம்! பிரமாதமா இருக்கே. இதை விட்டுட்டு ஏன் சின்னப் பிள்ளை கிறுக்கின மாதிரி இருக்கறதைக் குடுக்கறீங்க?" என்றார். ஒரு வாரம் முன்னால் நுணுக்கமும் அதைத்தான் சொல்லியிருப்பான். இப்போது தலையைக் குனிந்துகொண்டான்.

பறவை பிள்ளைகளிடம் போயிருந்தது. பதினான்கு பேரும் கையை விரித்துப் பார்க்கத் தொடங்கியதில் ஒருவர் மேல் ஒருவர் இடித்து ஒரே சிரிப்பு. அந்தச் சத்தத்துக்கு நடுவில் பெட்டி கடைசித் தாளை வெளியே தள்ளியது. அது இன்னும் சூடாக இருந்தது. முதலில் அக்காதான் தொட்டாள்.

விரல் அடிவாரத்தில் நெல்மணியைக் கண்டுபிடித்தது. "மரம்?"

"மரம்."

"நம்ம வாசல் மரம் மாதிரியா?"

"அவ்வளவு பெரிய மரம்தான், அக்கா."

அவள் விரல் மரத்தை விட்டுக் கோட்டைப் பிடித்தது. ஏறியது. ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை. நின்றது. "இன்னும் போகுதே?" மேலும் ஏறியது. முழங்கை மேசையை விட்டு எழும்பியது. உச்சியைத் தொட்டதும் நின்று, சரசரவென்று கீழே இறங்கி, மரம் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஏறியது. பிள்ளைகளின் சத்தம் தானாக அடங்கியது. டீச்சர் பேசாமல் இருப்பது அவர்களுக்குப் புதிது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன்டா," என்றாள் மெதுவாக, "இவ்வளவு பெருசை நீங்கல்லாம் பார்த்துட்டு, எப்படிடா சும்மா உங்க பாட்டுக்குப் போறீங்க?"

தலைமையாசிரியர் கையிலிருந்த படத்தை மேசையில் வைத்தார்.

மலை முதல் பெஞ்சுக்குப் போனது. அங்கே எட்டு வயதில் ஒருத்தி. கேள்வி கேட்டே ஆசிரியர்களை ஒருவழி பண்ணுவதால் பள்ளியில் அவளுக்குக் 'கேள்விக்குறி' என்று பெயர். மரத்தைத் தொட்டாள், உச்சிக்குப் போனாள், வாயைப் பிளந்துகொண்டே திரும்பி வந்தாள். கொஞ்ச நேரம் மரத்தின் பக்கத்தில் தடவித் தேடினாள்.

"டீச்சர், இது மரம்னா, நான் எங்க இருக்கேன்?"

முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய கேள்வி, அதே சொற்களில். அக்கா தம்பி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு, பிரெயில் புள்ளி எழுத்தைக் குத்தி எழுதும் ஊசியைப் பையிலிருந்து எடுத்தாள். தாளைக் குப்புறத் திருப்பி, மரத்தின் காலடி எங்கே வரும் என்று அளந்து, பின்பக்கமிருந்து ஒரு குத்து குத்தித் திருப்பிக் கொடுத்தாள். நெல்மணிக்குப் பக்கத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி எழும்பி நின்றது.

கேள்விக்குறி கண்டுபிடித்துவிட்டாள். "இத்தனூண்டா நான்!" என்று கத்தினாள். அதில் ஒரு துளி வருத்தம் இல்லை. இவ்வளவு பெரிய இடத்தில் தானும் இருக்கிறோம் என்ற பெருமைதான் இருந்தது. "எனக்கு, எனக்கு" என்று மற்ற பதின்மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள்.

தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்தப் பெட்டியை வைக்க ஒரு நல்ல மேசை போடச் சொல்லுங்க. மழைத்தண்ணி படாத இடமா," என்றார்.

அக்கா நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் கேள்விக்குறி அடுத்ததைக் கேட்டாள். "டீச்சர், நீங்க எங்க இருக்கீங்க?"

"நான் எதுக்குடி படத்துல? எனக்கும் படத்துக்கும்..."

நுணுக்கம் அக்காவின் கையிலிருந்து ஊசியை வாங்கினான். தாளைத் திருப்பிப் போட்டான்.

"திருப்பினா இடது வலதாயிடும்டா, பார்த்துக் குத்து," என்றாள் அக்கா. "மலை உச்சியில கொண்டுபோய் வெச்சுடாதே என்னை."

கண்ணை மூடிக்கொண்டு, தாளுக்கு அடியில் விரலை விட்டு மரத்தைத் தேடி, பிள்ளையின் புள்ளியைத் தேடி, அதற்குப் பக்கத்தில் குத்தினான். பழக்கமில்லாத கை, கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்துவிட்டது. தாளைத் திருப்பி அக்காவின் முன்னால் வைத்தான். ஏழு வயதில் பிடித்தது போல அவள் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் வைக்கப் போனான். அவள் அவன் கையை விலக்கினாள். அவள் விரல் தானாகவே மலையிறங்கி, மரத்தைத் தாண்டி, ஒரு புள்ளியைத் தாண்டி, இரண்டாவது புள்ளியில் வந்து நின்றது.

நெடுநேரம் அங்கேயே இருந்தது.

"இருக்கேன்டா," என்றாள்.